கண்ணில் குருட்டுப் புள்ளி இருக்கிறதென்றால் பார்வையில் ஏன் கறுப்பு ஓட்டை தெரிவதில்லை? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு வெள்ளைத் தாளும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் போதும். முதலில் அதைச் செய்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

தாளின் இடது ஓரம் சிறிய கூட்டல் குறி ஒன்று போடுங்கள். அதே மட்டத்தில் 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, 1 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம் வரைந்து கறுப்பாக நிரப்புங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை 50 செ.மீ. தூரத்திலிருந்து மெதுவாக முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் வட்டம் காணாமல் போகும். 20 செ.மீ. வருவதற்குள் மறுபடி முளைத்துவிடும்.

குருட்டுப் புள்ளி பார்வையின் மையத்திலிருந்து காதுப் பக்கமாக ஏறத்தாழ 15 பாகை தள்ளி இருக்கிறது. 30 செ.மீ. தூரத்தில் அது 8 செ.மீ. ஆகும். குறிகளுக்கிடையே 16 செ.மீ. விட்டால் தாளும் 60 செ.மீ. தள்ளிப் போக வேண்டும்.

வட்டம் மறையவே இல்லை என்றால் பெரும்பாலும் உங்கள் கண் நகர்ந்திருக்கும். "மறைந்துவிட்டதா?" என்ற ஆவலில் பார்வை தன்னையறியாமல் வட்டத்தின் பக்கம் ஓடிவிடும். தவறான கண்ணை மூடியிருந்தாலும் மறையாது: வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கண்தான் திறந்திருக்க வேண்டும். தாள் மிகவும் சாய்ந்திருந்தாலும் தப்பும்.

இந்த இடம் சிறியதும் அல்ல. அகலம் சுமார் 5.5 பாகை, உயரம் இன்னும் கொஞ்சம் அதிகம். வானத்தில் பத்து முழுநிலாக்களை வரிசையாக அடுக்கினாலும் அதற்குள் அடங்கிவிடும். விழித்திரையின் நரம்பிழைகள், பத்து லட்சத்துக்கும் மேல், ஒரே கட்டாகச் சேர்ந்து கண்ணைவிட்டு வெளியேறும் வாசல் அது. அங்கே ஒளியை உணரும் செல்களுக்கு இடமில்லை. (ஆக்டோபஸுக்கு நரம்பிழைகள் விழித்திரையின் பின்பக்கமாகவே போவதால் இந்தத் தொல்லை கிடையாது.) பிரான்ஸின் இயற்பியலாளர் எட்மே மரியாட் 1660களிலேயே இதைச் சோதனையால் காட்டிவிட்டார்.

சரி, ஏன் கறுப்பாகத் தெரியவில்லை? கறுப்பும் ஒரு பார்வைதான். "இங்கே ஒளி இல்லை" என்று சொல்லவும் அங்கே ஒரு செல் வேண்டும். உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? கறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. குருட்டுப் புள்ளியும் அப்படித்தான். இரண்டு கண்களும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும்.

ஆனால் அது மட்டுமே முழுப் பதில் ஆகாது. வட்டத்தின் வழியாக இடவலமாக ஒரு நீளக் கோடு போட்டுவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். வட்டம் மறையும், கோடு அறுபடாமல் ஓடும். கோடு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்து வட்டத்தோடு நின்றால் மறுபக்கம் நீளாது. இரண்டு பக்கமும் சாட்சி இருந்தால்தான் மூளை இணைக்கிறது. குரங்குகளின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியில்), குருட்டுப் புள்ளிக்குரிய பகுதியிலுள்ள நரம்புச் செல்கள் இப்படிக் கடக்கும் கோட்டுக்கு எதிர்வினை காட்டுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே இதை வெறும் "கவனிக்காமல் விடுவது" என்று ஒதுக்க முடியாது என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. கண் நரம்பு சிதையும் குளுக்கோமா நோயில் பார்வைப் பரப்பு துண்டு துண்டாகப் போகும்போதும் பலருக்குக் கறுப்புத் திட்டு எதுவும் தெரிவதில்லை. அதனால் தாமதமாகத்தான் மருத்துவரிடம் போகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எடுக்கும் விஷுவல் ஃபீல்டு டெஸ்டில் நடுப்புள்ளியைப் பார்த்தபடி, பக்கத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். பல கருவிகள் இடையிடையே உங்கள் குருட்டுப் புள்ளியிலேயே ஒரு வெளிச்சத்தைக் காட்டும். அதற்கும் பட்டனை அழுத்தினீர்கள் என்றால், கண் நடுப்புள்ளியிலிருந்து நகர்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளும்.