கிராங்க் புல்லி ஆடினால் பெல்ட் பிய்யும்: வாசகர் கேள்வி - பதில்

அல்சூர் வாசகர்: 2013 மாடல் டீசல் கார், 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது கடகட சத்தம். ஏ.சி. போட்டால் கூடுகிறது. ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட் ஓரம் பிய்ந்து போனது. எஞ்சின் மவுன்ட்டை மாற்றியும் தீரவில்லை. வேறு என்னதான் பார்ப்பது?

மவுன்ட் போனால் அதிர்வு ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் தெரியும், பெல்ட்டைத் தின்னாது. உங்களுக்கு பெல்ட் ஓரம் பிய்கிறது என்பதுதான் துப்பு. கிராங்க் புல்லியைப் பாருங்கள். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம் அது. கடைக்காரர்கள் டேம்பர் புல்லி என்பார்கள்.

பார்க்க ஒரே துண்டாக இருந்தாலும் அது இரண்டு துண்டு. நடுவில் ஹப், வெளியே பெல்ட் ஓடும் கனமான வளையம், இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் பட்டை. சிலிண்டரில் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் துளி முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. டீசலில் அந்த அடி பலமானது. வெளிவளையத்தின் கனமும் ரப்பரும் சேர்ந்து அந்த முறுக்கை வாங்கிச் சூடாக்கிக் கரைக்கின்றன. பத்து வருடச் சூட்டில் ரப்பர் வெடிக்கும். ஷாஃப்ட் முனையில் ஆயிலைத் தடுக்கும் முன் ஆயில் சீல் கசிந்தால் இன்னும் சீக்கிரமே ஊறிப் பிடி விடும்.

சோதிக்கச் செலவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு புல்லியைத் துணியால் துடைத்து, ஹப்பில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளிவளையம் வரை ஒயிட்னரால் ஒரே நேர்கோடு போடுங்கள். 200 கி.மீ. ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் வழுக்குகிறது, அதோடு தீர்ந்தது கதை. ரப்பர் பிதுங்கியிருப்பதும், சக்கர லைனரின் (சக்கரத்தை ஒட்டிய பிளாஸ்டிக் தடுப்பு) உட்புறம் கறுப்புப் பொடி படிந்திருப்பதும் அதே நோய்தான். ஐடிலில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், கோணலான சைக்கிள் ரிம் போல வளையம் ஆடும். தொங்கும் துணியோடு கிட்டே போகாதீர்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. சத்தம் நீடித்தால் சந்தேகம் புல்லி மேல். நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஏ.சி. கம்ப்ரஸர் பேரிங்குகளைப் பாருங்கள். ஆனால் சத்தம் நின்றதாலேயே புல்லிக்கு நற்சான்றிதழ் தர வேண்டாம். பெல்ட் இழுவை இருக்கும்போது மட்டும் ஆடுகிற புல்லியும் உண்டு.

ஜாலஹள்ளி வாசகர்: ஸ்பேனர் பிடித்த அனுபவம் இருக்கிறது. புல்லியை நானே மாற்றலாமா?

மாற்றலாம், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால். இல்லையென்றால் தொடாதீர்கள்.

பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். புல்லி இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தையும் லைனரையும் எடுங்கள் (பெரும்பாலும் வலது பக்கம்). பெல்ட் போகும் பாதையை போனில் படம் பிடித்துவிட்டு, டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றுங்கள்.

சிக்கல் நடு போல்ட்டில்தான். கிராங்க் சுழலாமல் ஃபிளைவீலில் லாக் போடுங்கள், அல்லது ஹப்பைப் பிடிக்கும் ஹோல்டர் வாங்குங்கள். வெளிவளையத்தில் செயின் ரெஞ்ச் மாட்டினால் விசை முழுக்க ரப்பர் வழியாகப் போகும். சில எஞ்சின்களில் போல்ட் இடது மரை, எதிர்த்திசையில்தான் கழலும். இதைவிட ஆபத்தான இன்னொன்றும் உண்டு. சில ஃபோர்டு பெட்ரோல் எஞ்சின்களில் புல்லியையும் டைமிங் பல்சக்கரத்தையும் (வால்வு திறக்கும் நேரத்தைக் காக்கும் சக்கரம்) ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவியே கிடையாது, போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் பிடிப்பு. டைமிங் லாக் போடாமல் தளர்த்தினால் டைமிங் நகர்ந்து வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். அதனால் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பேனரை வைக்காதீர்கள்.

புல்லரை (புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி) ஹப்பில் உள்ள மரைத் துளைகளில் மாட்டுங்கள். மூன்று கால் புல்லரை வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் ஹப் அங்கேயே நிற்க, வளையம் மட்டும் கையோடு வரும். சுத்தியலும் வேண்டாம்.

கழன்றதும் முன் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள், திரும்பக் கழற்றும் வேலை மிச்சம். மேனுவல் சொன்னால் மட்டும் புது சீலின் உதட்டில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவுங்கள். புது புல்லியைக் கையால் ஏற்றி, போல்ட்டால் மெதுவாக இழுத்து உட்காரவையுங்கள். பல எஞ்சின்களில் இந்த போல்ட் ஒருமுறைக்குத்தான், புதிது வாங்குங்கள். மேனுவல் சொல்லும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் கோணம் சொல்லியிருந்தால் அதையும் திருப்புங்கள். இம்பாக்ட் கன்னால் இறுக்காதீர்கள். இந்த போல்ட் தளர்ந்தால் சாவி உட்காரும் காடி தேய்ந்து கிராங்க் ஷாஃப்ட்டே போய்விடும்.

கே.ஆர். புரம் வாசகர்: லேத் கடையில் வளையத்தை ஹப்போடு வெல்ட் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. சத்தம் நிற்கும், ஆனால் முறுக்கை வாங்க ரப்பர் இருக்காது. அது நேரே ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போகும்.

பனசங்கரி வாசகர்: பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரே புல்லிக்கு மூன்று விலை சொல்கிறார்கள். எதை வாங்க?

சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை உறுதி செய்துகொண்டு போங்கள். பழைய புல்லியையும் எடுத்துப் போய்த் தராசில் வைத்து எடை பாருங்கள். அந்த வளையத்தின் கனம் எஞ்சினுக்கென்று கணக்கிட்டது, எனவே கணிசமாக இலேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். காடிகளின் எண்ணிக்கையும் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். சிவாஜிநகரில் கிடைக்கும், வேறு வண்டியில் கழற்றிய பழைய புல்லி வேண்டாம், அதன் ரப்பருக்கும் உங்களுடையதற்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். பெல்ட்டைப் புதிதாகவே போடுங்கள், ஓரம் பிய்ந்த பெல்ட் புது புல்லியிலும் சத்தம் போடும்.