13 வயது மகனின் திருட்டும் பொய்யும்: உங்கள் அச்சம் குறித்து

வணக்கம். சென்ற ஆண்டுவரை அமைதியாக இருந்த உங்கள் 13 வயது மகன், புதிய நண்பர்களோடு சேர்ந்து பள்ளிக்குப் போகாமல் சுற்றுவதாகவும், வீட்டில் பணம் எடுத்துவிட்டுப் பொய் சொல்வதாகவும், அவன் குற்றவாளியாகிவிடுவானோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த நடத்தை எந்த வயதில் தொடங்கியது என்பதே இங்கு முதன்மையானது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ 1,000 பேரைப் பிறப்பிலிருந்து தொடரும் ஆய்வில் பங்குகொண்ட உளவியலாளர் டெரி மாஃபிட், 1993 இல் இரு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். மழலைப் பருவத்திலேயே மூர்க்கமும் கட்டுக்கடங்காமையும் வெளிப்பட்டு, வளர்ந்த பின்னும் அவை நீடிப்பவர்கள் சிறுபான்மையினர். பதின்பருவத்தில் தோழர்களைப் பார்த்துத் தொடங்கி, வேலையும் குடும்பமும் அமையும்போது பெரும்பாலும் விட்டுவிடுபவர்களே மிகுதி. உங்கள் மகன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன் என்றே தோன்றுகிறது. பிறர் உரிமைகளைத் தொடர்ந்து மீறும் மனநலக் கோளாறான சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்பதை 18 வயதுக்கு முன் எந்த மருத்துவரும் முடிவுசெய்யக் கூடாது என்பதால், உறவினர்கள் சூட்டும் பட்டங்களைத் தயவுசெய்து அவன் காதில் விழவிடாதீர்கள்.

ஆயினும் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். போதைப் பழக்கமோ, காவல்துறை வழக்கோ, படிப்பு நிற்பதோ நேர்ந்தால் மீள்வது கடினமாகிவிடும். அடிப்பதும், பிறகு மனமிரங்கி விட்டுக்கொடுப்பதும் மாறிமாறி நடக்கும் வீட்டில் பிள்ளையின் முரண்டு வளரவே செய்கிறது. தண்டனை சிறியதாக, முன்கூட்டியே சொல்லப்பட்டதாக, ஒவ்வொரு முறையும் தவறாததாக இருக்கட்டும். அவன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்பதை நாள்தோறும் அறிந்திருங்கள். விலங்குகளைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, ஆயுதம் எடுப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.