குடும்ப ஒயினரிக்குள் யார் யார்? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திராட்சை வளர்த்து ஒயின் செய்யும் ஒரு குடும்ப ஒயினரியில் நான்கு அறுவடைக் காலம் கூடவே இருந்து வேலை பார்த்தவன் நான். உங்கள் கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எப்போது பழம் பறிப்பது என்று யார் சொல்வார்கள்?

ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு சொட்டுச் சாறு விட்டால் சர்க்கரை எவ்வளவு என்று காட்டிவிடும். அந்தச் சர்க்கரை அளவைப் பிரிக்ஸ் என்பார்கள், 24 பிரிக்ஸ் வந்தால் ஏறக்குறைய 13, 14 சதவீத ஆல்கஹாலுக்குப் போகும். ஆனால் நான் இருந்த வீட்டில் கடைசி வார்த்தை பாட்டியுடையது. கொத்தின் நடுவிலிருந்து ஒரு பழத்தைப் பிதுக்கி, விதையைக் கடித்துப் பார்ப்பார். விதை பச்சையாக இருந்து, துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார், பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் மறுநாள் விடியும் முன்பே எல்லோரும் தோட்டத்தில் இருப்போம்.

கேள்வி: பெண்களுக்கு இந்தத் தொழிலில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா?

எப்போதுமே இருந்திருக்கிறது, பாட்டிலில் பெயர் வருவதுதான் அரிது. பிரான்சில் பார்ப்-நிக்கோல் போன்சார்தன் 1805ல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது 27. மாமனாரிடம் பேசிச் சம்மதம் வாங்கி ஷாம்பெய்ன் தொழிலைத் தானே நடத்தினார். துளை போட்ட மேசையில் பாட்டில்களைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை அவருடைய நிலவறையில் உருவானதுதான். அவருடைய ஷாம்பெய்னுக்கு வெவ் கிளிக்கோ என்று பெயர், 'வெவ்' என்றால் விதவை. இத்தாலியில் ஆன்டினோரி குடும்பம் 1385லிருந்து ஒயினில் இருக்கிறது, இப்போது 26வது தலைமுறை, மூன்று சகோதரிகள், மூத்தவர் அல்பியேரா தலைவர்.

கேள்வி: இத்தனை வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் ஏன் திடீரென்று உடைகிறார்கள்?

பெரும்பாலும் பாகப்பிரிவினைதான். பிரான்சில் 1804ல் வந்த நெப்போலியன் சட்டம் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்றது. நியாயமான சட்டம்தான், ஆனால் தோட்டம் துண்டு துண்டாகப் போனது. அங்கே பர்கண்டி பகுதியில் க்ளோ த வூஜோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், அதற்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள், சிலர் கையில் சில வரிசைக் கொடிதான். அதனால் இப்போது பல குடும்பங்கள் நிலத்தைக் கம்பெனி பெயரில் வைத்துப் பங்குகளை மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். அப்புறம் சண்டை. கலிஃபோர்னியாவில் ராபர்ட் மொண்டாவி 1965ல் தம்பி பீட்டருடன் அடித்துக்கொண்டு குடும்ப ஒயினரியை விட்டு வெளியேறி, அடுத்த வருடமே சொந்தமாக ஒன்று தொடங்கினார். அதுவும் 2004ல் பெரிய கம்பெனிக்கு விற்கப்பட்டது.

கேள்வி: நட்டால் எத்தனை வருடத்தில் ஒயின்?

மூன்றாம் வருடம்தான் பறிக்கும்படி காய்க்கும். சிவப்பு ஒயின் என்றால் பீப்பாயில் ஒன்றிரண்டு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலையில் எது ஆபத்து?

இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. சாறு நொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும், காற்றைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் தங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. சக்கையை வாற இறங்கியவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் யோசிக்காமல் குதிப்பார், அந்த அடுத்தவர் குடும்ப ஒயினரியில் அண்ணனோ தம்பியோதான். நாங்கள் மூடியைத் திறந்து வைத்து, ஃபேன் போட்டு, வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே போவோம், அதுவும் உள்ளே போகிறவரைக் கட்டிய கயிற்றை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும்.