ஜிஆர்இ: 'சாங்ஷன்' என்றால் அனுமதியா, தண்டனையா?

இரண்டும்தான். மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கும்போது 'சாங்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை 'அனுமதி' என்று எடுத்துக்கொண்டு தப்பாகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கிற வாக்கியத்தில் அது 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் இருக்கிறது, பின்னாலேயே 'அகெய்ன்ஸ்ட்' வருகிறது, அதனால் அங்கே பொருள் தடை.

பாங்கில் 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று கேட்டே வளர்ந்ததால் நமக்கு ஒரு பொருள்தான் மனதில் நிற்கிறது என்று நினைக்கிறேன். சட்டமாக விதிப்பது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. சட்டம் ஒன்றுக்கு ஒப்புதலும் தரும், மீறினால் தண்டிக்கவும் செய்யும், அதை நினைவில் வைத்தால் இரண்டு பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள்:

1. வினைச்சொல்லாக வந்தால் முதலில் 'ஒப்புதல் தருவது' என்று வைத்துப் படியுங்கள்.
2. பன்மைப் பெயர்ச்சொல், பக்கத்தில் 'இம்போஸ்' (விதிப்பது) அல்லது 'லிஃப்ட்' (நீக்குவது) இருந்தால் தடை. ஈரான் பற்றிய ஆங்கிலச் செய்தி ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள், கட்டாயம் கண்ணில் படும்.

ஆனால் முதல் விதியை அப்படியே நம்பிவிட வேண்டாம். நீதிமன்றம் ஒரு வக்கீலை 'சாங்ஷன்' செய்தது என்றால் தண்டித்தது என்றே அர்த்தம். வாக்கியத்தில் 'ஆல்தோ', 'டிஸ்பைட்' பொருளை எங்கே திருப்புகிறது என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள், சென்டன்ஸ் ஈக்விவலன்ஸில் (ஒரே கோடிட்ட இடத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) இரண்டு விடையும் சரியாக இருந்தால்தான் மார்க், பாதி மார்க் கிடையாது.