மதிய வேளையில் நூலகத்தில் ஒதுங்கும் மகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

கணவரின் வேலை காரணமாகக் கோவையிலிருந்து அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூருக்குக் கடந்த ஆண்டு குடிவந்தோம். ஊருக்கு ஒரே அரசு உயர்நிலைப் பள்ளி. பதினைந்து வயது மகள் அங்கே பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் உணவுக்கூடத்தில் யாருடன் உட்காருவது என்று தெரியாமல் மதிய வேளையில் நூலகத்துக்குப் போய்விடுகிறாள். "எல்லாரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள் அம்மா, யாரும் என்னைத் திட்டுவதில்லை, தேடுவதுமில்லை" என்கிறாள். ஞாயிறு மாலையானால் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறாள். உடலில் கோளாறில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளி நாடகத்தில் மேடைப் பணிகள் செய்யச் சேரட்டுமா என்று கேட்டாள். படிப்பு கெடும், இரவில் அழைத்துவரவும் ஆளில்லை என்று கணவர் மறுத்துவிட்டார். எனக்கும் கார் ஓட்டத் தெரியாது. அவளைக் கோவைக்குப் பாட்டி வீட்டுக்கே அனுப்பிவிடலாமா?

— இண்டியானா வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நாடகக் குழுவில் சேரட்டுமா என்று உங்கள் மகள் கேட்டது, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி. நம் ஊர்ப் பள்ளியில் ஒரு பிரிவு மாணவர்கள் ஆண்டு முழுவதும் ஒரே அறையில் இருப்பார்கள், ஆசிரியர்கள்தாம் மாறி மாறி வருவார்கள் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்தவளே தோழியாகிவிடுவாள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிக் கால அட்டவணை. மணி அடித்தால் மாணவர்கள் அறை மாறுகிறார்கள், கணித வகுப்பில் உடனிருந்தவள் வேதியியலில் இருப்பதில்லை. ஆகவே புதிதாக வந்தவர்களுக்கு நட்பு பெரும்பாலும் கடைசி மணிக்குப் பிறகு, ஓட்டக் குழுவிலோ, வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் வாசிக்கும் இசை அணியிலோ, நாடக மேடைக்குப் பின்னாலோதான் அமைகிறது. கல்லூரி விண்ணப்பங்களில் இத்தகைய ஈடுபாடுகளைக் குறிப்பிடவென்றே ஒரு பகுதி இருப்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். அப்பாக்களிடம் இந்த வாதம் எடுபடும். போக்குவரத்துக்குப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். அதே பக்கம் போகும் பெற்றோர் யாரேனும் இருப்பார்கள்.

பள்ளி ஆலோசகரையும் சந்தியுங்கள். பாடத் தேர்வுக்கு மட்டுமன்றி இத்தகைய தவிப்புகளுக்கும் அவர்தான் முதலில் அணுக வேண்டியவர். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைத்தாலும், பல பள்ளிகளில் ஒருவரே அதைவிட மிகுதியானோரைக் கவனிக்கிறார். அமைதியாக நல்ல மதிப்பெண் வாங்கும் பெண் அவர் கண்ணில் படாமலே போகலாம். எனவே அழைப்புக்குக் காத்திராமல் நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் பள்ளிகளுக்கு அந்தக் கடமை உண்டு.

வயிற்றுவலியை நடிப்பு என்று எண்ணாதீர்கள்; மனப் பதற்றம் உண்மையான வலியாகவே வெளிப்படும். உறக்கம் குறைந்தாலோ பள்ளிக்குப் போக மறுத்தாலோ குழந்தை மருத்துவர் வழியாக உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு சொல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம். அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

கோவைக்கு அனுப்புவதைப் பற்றி அவளிடமே கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களைப் பிரிந்து, வேறொரு பாடத்திட்டத்தில் மீண்டும் புதியவளாக நுழைவது அவளுக்கு எளிதாக இராது. நாடகம் அரங்கேறி முடியும்வரையாவது அந்த முடிவைத் தள்ளிவையுங்கள்.