விபத்தில் அடிபட்டவரை உடனே ஆபரேஷனுக்கு எடுக்காமல் ஏன் காக்க வைக்கிறார்கள்?

தாம்பரம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்த தம்பியை இரண்டு மணி நேரமாகியும் தியேட்டருக்குள் கொண்டுபோகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். வாசலில் நிற்பவர்களின் தவிப்பு எனக்குத் தெரியும்.

முதல் காரணம் ரத்தம். தொடை எலும்பு உடைந்தால் தோல் கிழியாமலேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை உள்ளே கசியலாம். அந்த நிலையில் வழக்கமான மயக்க மருந்தோ, முதுகில் போடும் ஊசியோ கொடுத்தால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். அதனால்தான் முதலில் ரத்தம் ஏற்றுகிறோம். தள்ளிப்போட முடியாத அவசரம் என்றால் கீட்டமைன் என்ற மயக்க மருந்து கைகொடுக்கும். அது பிரஷரை அவ்வளவாகக் குறைக்காது.

அப்புறம் வயிறு. விழுவதற்கு முன் டீக்கடையில் சாப்பிட்ட இரண்டு பஜ்ஜி, அடிபட்ட அதிர்ச்சியில் செரிக்காமல் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

சரி, ஆபரேஷன் காத்திருக்கலாம். வலிக்கான மருந்து காத்திருக்கக் கூடாது. இடுப்பு மடிப்பில் அல்ட்ராசவுண்ட் பார்த்து நரம்பருகே மரப்பு ஊசி போட்டால், ஸ்ட்ரெச்சர் அசைந்தாலே அலறியவர் அரை மணி நேரத்துக்குள் முகம் தளர்ந்து பேசத் தொடங்குவார். இந்த வசதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், கால் விரலை மெல்ல நீட்டும்போதே கெண்டைக்கால் துடித்தால், உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். தசைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். விடியட்டும் என்று விட்டால் காலையே இழக்க நேரிடும்.