ஊரில் வீட்டு வேலை, இங்கே கோவில் வேலை: துபாய்க்கு வந்த தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்துக் கிராமம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பா வீட்டு மண்சுவர் ஊறிப்போய், இப்போது இடித்துக் கட்ட வேண்டிய நிலை. நீங்கள் மனைவி, குழந்தையோடு துபாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் பாடகர் குழுவுக்கும் கூப்பிடுகிறார்கள், கமிட்டிக்கும் நிற்கச் சொல்கிறார்கள். அதே சபையில் வெள்ளி ஆராதனையை ஞாயிறுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று இழுபறி. போதாததற்கு ஊர்க் கோவிலில் இருந்தும் கட்டட நிதி கேட்டுப் போன் வருகிறது. எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு முதலில் தளம், அதாவது கான்கிரீட் கூரை, போட்டு முடியுங்கள். சபையில் ஒரே ஒரு வேலையை எடுத்து வாரம் தவறாமல் செய்யுங்கள். கமிட்டி இப்போது வேண்டாம். இதுதான் என் பதில். வீடு கட்டுவது உலகக் காரியம், ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். வயதான தாய் தகப்பனை ஒழுகாத கூரைக்குள் உட்கார வைப்பதும் ஊழியம்தான். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சுவரை இடிப்பதற்கு முன் அப்பாவிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். வெள்ளம் நின்ற கறை சுவரில் இன்னும் கோடாகத் தெரியும். தெரு மட்டத்தில் இருந்து அந்தக் கோடு வரை டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பட்டும். சுவர் போய்விட்டால் ஆளுக்கு ஒரு உயரம் சொல்வார்கள். கொத்தனார் வழக்கமாகப் போடும் உயரத்துக்கே பேஸ்மட்டம் போட்டுவிடுவார். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, உங்கள் ஏரல் பாலமே உடைந்தது. பேஸ்மட்டம் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கட்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை டைல்ஸிலும் முகப்பு அலங்காரத்திலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரில்தான் என்றால் சித்தப்பா, பெரியப்பா, அத்தைமாரிடம் பேசி முடித்துவிட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்கள். உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அண்ணனுக்கோ மச்சானுக்கோ பவர் கொடுப்பதானால், இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுதி வாங்கலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிட்டால் சிக்கல்தான்.

காலக் கணக்கு உங்களுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் தளம் முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் நம் கிறிஸ்தவ ஊர்களில் கொத்தனாரும் கையாளும் கிறிஸ்துமஸ் பஜனை, வெள்ளையடிப்பு என்று கோவில் பக்கம் போய்விடுவார்கள். அதனால் தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. தளம் போடுவதை சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு லீவு, ஊரில் வேலை நாள், நேர வித்தியாசமும் ஒன்றரை மணி நேரம்தான். கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாளே கம்பி கட்டியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தூரத்தில் நின்று எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு கம்பிக்கு நடுவே டேப் வைத்து, கம்பி பலகையில் ஒட்டாமல் அடியில் வைக்கும் கவர் கட்டை தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுக்கட்டும். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டி இரண்டு வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாள்கூட விடக்கூடாது. அந்தப் பொறுப்பை அப்பாவிடமே கொடுங்கள். தினமும் சாயங்காலம் பாத்தியில் தண்ணீர் நிற்கிற படம் உங்களுக்கு வரட்டும்.

பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சும் தரையும் அடுத்த வருஷம் ஆகட்டும். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கிய கோவில் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. நம் சீமையில் பொறுத்துப் பொறுத்துக் கட்டுவது புதிது இல்லை. சம்பளத்தைக் காட்டி இங்கே தரும் பெர்சனல் லோனை வாங்கி ஊர் வீட்டில் போடாதீர்கள். வேலை போய்விட்டால் அதை அடைக்காமல் ஊருக்குக் கிளம்புவது பெரும் பாடு.

ஊர்க் கோவில் நிதி விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். உங்கள் சம்பாத்தியத்தில் இருந்து நீங்கள் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் இந்திய பாஸ்போர்ட்காரர். உங்கள் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. ஆனால் ரூம் ரூமாகப் போய் வசூலிப்பதோ, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சேர்ப்பதோ கூடவே கூடாது. இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். 2021-ல் அதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. ஊரில் சேகர (திருச்சபை வட்டார) கமிட்டிக்காரர்களுக்கு இது தெரியாது. “எல்லாரும் செய்கிறார்கள், நீ மட்டும் என்ன” என்பார்கள். கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்ளட்டும். நம் ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துக் கோவிலுக்குக் கொடுத்துவந்தார்களே, அதே மாதிரி மாதாமாதம் உங்களுடையதை மட்டும் அனுப்பிவாருங்கள்.

இனி சபை விஷயம். வெள்ளியா ஞாயிறா என்பது நாள் மாற்றுகிற சின்ன விஷயம் இல்லை. வெள்ளி, சனி என்று இருந்த வார விடுமுறையை 2022 ஜனவரியில் இந்த நாடு சனி, ஞாயிறு என்று மாற்றியது. அலுவலகக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு லீவு ஆனது. அவர்கள் ஞாயிறு ஆராதனை கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊரில் இருந்த மாதிரியே ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் நம் பையன்களை நினைத்துப் பாருங்கள். ஓய்வு நாள் எது என்பது அவரவர் கம்பெனி வைத்ததுதான். சிலருக்கு ஞாயிறு, சிலருக்கு இன்னும் வெள்ளிதான். கோவில் வளாகத்திலோ பல மொழிச் சபைகள் மாறி மாறி ஆராதிக்கின்றன. நமக்குப் போதகர் ஐயர் ஆசீர்வாதம் கூறும்போதே அடுத்த சபையார் பைபிளோடு வாசலில் நிற்பார்கள். ஒரு நேரத்தை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பவே முடியாது.

ஞாயிறு ஆராதனையைக் கூடுதலாகத் தொடங்கலாம், வெள்ளியை நிறுத்தக்கூடாது. இதுதான் என் கட்சி. முடிவெடுக்கும் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வெள்ளி லீவுக்காரர்கள் வரவே மாட்டார்கள். வராதவர்களின் ஆராதனையை வந்தவர்கள் கை தூக்கி முடித்து வைப்பார்கள். இது எனக்கு மனசுக்கு ஆகவில்லை. நீங்கள் கமிட்டியில் இல்லாமலே இதில் உதவலாம். ஆராதனை முடிந்ததும் கேம்ப் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களிடம் போய் யாருக்கு எந்த நாள் லீவு, எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளை ஐயரிடம் கொடுங்கள். புதிதாக வந்தவர் கட்சி சேர்க்கிறார் என்று அதை யாரும் சொல்ல முடியாது.

பாடகர் குழுவுக்குச் சரி என்று சொல்லுங்கள். ஆனால் மனைவியின் டியூட்டி அட்டவணை வந்த பிறகுதான் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். அவர் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கும் நேரத்தில் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பாட்டுப் பயிற்சிக்குப் போவது சரியில்லை. இதைச் சபையில் வெளிப்படையாகவே சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டு விஷயத்திலும் உங்களை இரண்டு பக்கமும் இழுப்பார்கள். பெரியவர்கள் பழைய பாட்டுகளான பாமாலையும் கீர்த்தனையும் கேட்பார்கள், பிள்ளைகள் கீபோர்டும் டிரம்ஸும் கேட்பார்கள். இங்கே பள்ளியில் அரபி கட்டாயம், தமிழ் பெரும்பாலும் இல்லை. அதனால் திரையில் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள். அதை எதிர்க்க வேண்டாம். அதற்குக் கீழேயே தமிழ் எழுத்திலும் போடச் சொல்லுங்கள், வாரம் ஒரு கீர்த்தனையாவது விடாமல் பாடுங்கள்.

கமிட்டிக்கு நிற்கச் சொல்கிறவர்களிடம், “ஊரில் வீட்டு வேலை நடக்கிறது, வீட்டுப் பிரதிஷ்டை முடியட்டும்” என்று சொல்லுங்கள். அது உண்மை, நம் ஆட்களுக்கு உடனே புரியும். தளம் போடும் தேதி முடிவானதும் எழுதுங்கள். கம்பி கட்டின படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துச் சொல்கிறேன்.